கடலடி கண்ட கருவிகள்

எம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சி ஒன்றில், பழம்பொருட் கடையிலிருந்து வாங்கி வந்த ஒளிப்படக் கருவி ஒன்றை மேசைமீது வைத்திருந்தேன். கையடக்கமானது, கறுப்பு நிறமானது, பார்வைக்கு எளிமையானது, தூக்கினாற் கனமானது. நீருக்கடியிற் படம் எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட நிக்கோனாஸ் வகையைச் சேர்ந்த கருவி அது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதனை இரு கைகளாலும் ஏந்தி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடுத்த படம் இதில் எங்கே தெரியும், ஐயா?" என்று கேட்டாள்.

"இதில் தெரியாது, அம்மா. கரைக்கு வந்து சுருளைக் கழுவிய பிறகுதான் தெரியும்" என்றேன்.

"அப்படியானால், கடலுக்குள் இருக்கும்போது படம் விழுந்ததா இல்லையா என்பது எப்படித் தெரியும்?" என்றாள்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. எடுத்த மறுகணமே படத்தைக் கண்டு, பிடிக்கவில்லையெனில் அழித்துவிடும் காலத்திற் பிறந்த குழந்தை அவள். காணாமலே எடுத்து, காத்திருந்து கண்ட ஒரு தலைமுறையின் வரலாற்றை அவளுக்கு எவ்வாறு விளக்குவது? அவ்விடையைத் தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

கண்டவரும் சொன்னவரும்

கண்டவன் சொல்லமாட்டான், சொல்பவன் கண்டிருக்கமாட்டான் என்று நம் முன்னோர் கூறுவர். கடலடியைப் பொறுத்தமட்டில் இது முற்றிலும் உண்மையாயிற்று. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கடலின் அடித்தளத்தைத் தம் கண்களாற் கண்டனர். கொற்கையின் முத்துப் புகழ் சங்கப் பாடல்களிலும் உண்டு. கிரேக்கக் கடலோடிகளின் குறிப்புகளிலும் உண்டு. காலிற் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, கயிற்றைப் பற்றி இறங்கிய அம்மனிதர்கள் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு மேலேறினர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' கரையில் அமர்ந்திருந்தான்.

அவர்கள் கொண்டு வந்த முத்துகள் உரோமாபுரி வரை சென்றன. ஆனால் அவர்கள் கண்ட காட்சிகள் எங்கும் செல்லவில்லை. பவளப் பாறை எங்கே தொடங்கிற்று, மணற்பரப்பு எங்கே முடிந்தது, எந்த இடத்தில் உடைந்த மரக்கலம் கிடந்தது என்பனவெல்லாம் குளியாளியின் நெஞ்சிலேயே இருந்து அவனோடு மறைந்தன. மலையைக் கண்டவன் மற்றொருவனை அழைத்துக் காட்டலாம். கடலடியைக் கண்டவன் யாரை அழைத்துக் காட்டுவான்? அவனுக்குச் சான்று இல்லை. சான்றில்லாத காட்சியை உலகம் கதை என்றே கொள்ளும். இக்குறையைப் போக்கவே கடலடி ஒளிப்படக் கருவி தோன்றியது என்று கூறுவது மிகையாகாது.

கயிற்றில் இறங்கிய பெட்டி

1856ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்பவர் இம்முயற்சியைத் தொடங்கினார். அவர் தொழிலால் வழக்கறிஞர். ஆர்வத்தால் இயற்கை ஆய்வாளர். புயல் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாலத்தின் தூண்கள் நீருக்கடியிற் சேதமுற்றிருந்தால் அதனை எவ்வாறு அறிவது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. மூழ்கிப் பார்ப்பவன் சொல்வதை நம்புவதினும் ஒரு படம் கிடைத்தால் நலமன்றோ? கடலடிப் படத்தின் முதல் நோக்கம் அழகன்று. சாட்சியமே என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தாம்சன் மரப்பெட்டி ஒன்றினுள் கருவியை வைத்து, முன்புறத்திற் கண்ணாடி பொருத்தி, படகிலிருந்து 18 அடி ஆழத்திற்குக் கயிற்றில் இறக்கினார். மற்றொரு கயிற்றை இழுத்து முன்மூடியைத் திறந்தார். பத்து நிமிடங்கள் ஒளியை உள்ளே விட்டார். அந்நாளில் படச்சுருள் கிடையாது. மருந்து பூசிய கண்ணாடித் தகடே உண்டு. பெட்டியை மேலே தூக்கியபோது அதனுள் கடல்நீர் புகுந்திருந்தது. ஆயினும் தகட்டில் மங்கலாகப் பாறைகளும் கடற்பாசியும் பதிந்திருந்தன. கடலடிப் படமும் நீர்க்கசிவும் ஒரே நாளிற் பிறந்த இரட்டையர் எனலாம். அவ்விரண்டும் பின்னர் நூற்றாண்டுக்கு மேலாகப் பிரியவே இல்லை.

தாம்சன் தாம் கடலில் இறங்கவில்லை. இறங்கிப் படம் எடுத்த பெருமை பிரெஞ்சு நாட்டு விலங்கியல் அறிஞர் லூயி பூத்தானைச் சாரும். பன்யுல்ஸ் என்னும் கடலோர ஊரின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய அவர், உலோகத் தலைக்கவசம் பூண்டு கடலில் இறங்கினார். கண்ட காட்சி அவரை மலைக்கச் செய்தது. மேலேறி வந்து அதனைச் சொற்களால் விளக்க முயன்றபோது, எத்துணைத் திருத்தமாகக் கூறினும் விளக்கம் முழுமை பெறவில்லை என்பதை உணர்ந்தார். நம் முத்துக் குளியாளிகளுக்கு வாய்த்த அதே இடர்ப்பாடு! ஆனால் பூத்தானுக்கு ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. பொறியியல் அறிந்த தம்பி ஒருவரும் இருந்தார்.

இருவரும் சேர்ந்து 1893இல் நீர்புகாப் பெட்டியுடன் கூடிய கருவியை ஆக்கினர். ஆழத்தில் நீரின் அழுத்தம் பெட்டியை நசுக்காதிருக்க, காற்று நிரம்பிய ரப்பர்ப் பை ஒன்றை அதனுடன் இணைத்தனர். வெளியழுத்தம் கூடும்போது பை சுருங்கி உள்ளே காற்றைச் செலுத்தும். உள்ளும் புறமும் அழுத்தம் ஒத்து நிற்கும். படம் ஒன்றுக்கு அரைமணி நேரம் வரை கடலடியிற் காத்திருக்க நேர்ந்தது. இருளைப் போக்க, பெரிய மரப்பீப்பாயின்மீது சாராய விளக்கை வைத்து, அதன் சுடரில் மக்னீசியப் பொடியை ஊதி எரித்தனர். பூத்தான் தம் பட்டறிவு முழுவதையும் தொகுத்து 1900ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

அமெரிக்கரான வில்லியம்சன் வேறு வழியை நாடினார். கப்பலிலிருந்து தொங்கும் நெடுங்குழாயின் அடியில் கண்ணாடிச் சாளரமுள்ள இரும்பு அறை ஒன்றை அமைத்து, அதனுள் நனையாமல் அமர்ந்து, 1914இல் பகாமாத் தீவுக் கடலில் திரைப்படம் எடுத்தார். 1926இல் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் புளோரிடாவுக்கு அப்பாலுள்ள கடலில் முதல் வண்ணப் படங்களை எடுத்தனர். இவ்வாறு கருவி மெல்ல மெல்ல நீருக்குப் பழகலாயிற்று.

நீர் விடுத்த மூன்று வினாக்கள்

தரையில் எளிதாகச் செய்யும் செயல் நீருக்குள் இத்துணைக் கடினமாவதேன்? நீர் மூன்று வினாக்களை விடுக்கிறது. வகுப்பறையில் அறிவியல் கற்பிப்போர்க்கு இம்மூன்றும் நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

முதலாவது அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அஃதாவது, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். 50 மீட்டர் ஆழத்தில், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள சிறு கண்ணாடியின்மீது 500 கிலோகிராம் சுமை அழுத்தும். கண்ணாடி உடையாவிடினும், மூடி சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி கிடைத்தாற் போதும். நீர் உள்ளே பாய்ந்துவிடும்.

இரண்டாவது ஒளி. நீர் வெண்ணொளியின் நிறங்களை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. செந்நிறமே முதலில் மறைகிறது. சில மீட்டர் ஆழத்திலேயே அது பெரிதும் மங்கிவிடும். அதன்பின் மஞ்சள் மறையும். எஞ்சுவது நீலமும் பச்சையும். ஆழத்தில் காயமுற்றவரின் குருதி பச்சையாகத் தோன்றும் என்பர். செம்பவளத்தைச் செம்பவளமாகக் காட்ட வேண்டுமெனில், கதிரவன் ஒளி போதாது. விளக்கையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். அவ்விளக்கோ, நீரில் மிதக்கும் துகள்களின்மீதும் பட்டுப் படம் முழுவதும் பனி பெய்தாற்போற் செய்துவிடும்.

மூன்றாவது ஒளிமுறிவு. நீரிலிருந்து தட்டையான கண்ணாடி வழியாகக் காற்றிற் புகும் ஒளி வளைகிறது. அதனால் நான்கு அடித் தொலைவிலுள்ள மீன் மூன்றடியில் இருப்பதாகத் தோன்றும், பெரிதாகவும் தோன்றும். முகமூடி அணிந்த மனிதனின் கண்ணும் ஏமாறும். கருவியின் வில்லையும் ஏமாறும். இதிற் சுவையான செய்தி என்னவெனில், இருவரும் ஒரே அளவில் ஏமாறுவதால், தரைக்கென அளவிட்ட வில்லையில் கண் கண்ட பொய்த் தொலைவையே அமைத்தால் படம் மெய்யாக விழும்! நாடாவால் அளந்து திருத்தமாக அமைத்தவரின் படம் மங்கிப் போகும்.

கையளவு வளையம்

முதல் வினாவுக்கு விடையாக வந்தது ரப்பர் வளையம். டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டன்சன் என்பவர், வட்டமான பள்ளம் ஒன்றில் உருண்ட ரப்பர் வளையத்தை இருத்தி நீரையும் காற்றையும் தடுக்கும் முறைக்கு 1939இற் காப்புரிமை பெற்றார். வளையத்தின் சிறப்பு யாதெனில், வெளியழுத்தம் கூடக்கூட அது நசுங்கி இடைவெளியை மேலும் இறுக அடைக்கும். பகைவனின் வலிமையையே அரணாக்கிக்கொள்ளும் உத்தி இது.

நம் பாட்டன்மார் ஜொகூர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நாள்களில், அப்பாலுக்கு உலகில் எத்தனை பயன்கள் உண்டென்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பிற்காலத்து வளையங்களிற் பெரும்பாலானவை செயற்கை ரப்பரால் ஆனவை என்பது உண்மையே. ஆயினும் பூத்தானின் காற்றுப்பை தொடங்கி, முகமூடி, கால்துடுப்பு வரை, கடலடிப் பணி முழுவதும் ரப்பரை நம்பியே வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்லலாம்.

வளையத்தின் அருமையை நான் பட்டே அறிந்தேன். பயிற்சி ஆசிரியனாக இருந்த காலத்தில் நண்பர் ஒருவரின் கடலடிக் கருவியை இரவல் பெற்று, மெர்சிங் துறையிலிருந்து படகேறித் தீவொன்றிற்குச் சென்றேன். மணற்பரப்பில் அமர்ந்து சுருளை மாற்றினேன். வளையத்தைத் துடைத்து, மசகு தடவி, மூடினேன். ஆனால் ஒற்றைத் தலைமயிர் வளையத்தின்மேல் குறுக்காகக் கிடந்ததை நான் காணவில்லை. அன்று முழுவதும் பவளத்திட்டில் மிதந்து, ஒரு சுருள் படம் எடுத்தேன். கரையேறிக் கருவியைத் திறந்தபோது உள்ளிருந்து கடல்நீர் வடிந்தது. உடன் பயின்ற நண்பர்கள் நீரில் நீந்திய காட்சிகள் யாவும் உவர்நீரிற் கரைந்தன. நண்பரின் முகத்தில் விழிக்க ஒரு வாரம் தயங்கினேன். தாம்சனின் பெட்டியிற் புகுந்த நீர், நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, என் கருவியிலும் புகுந்துவிட்டது.

மனிதன் மீனான காலம்

1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோவும், பொறியாளர் எமில் காஞ்ஞானும் அக்குவா லங் என்னும் மூச்சுக் கருவியை உருவாக்கினர். அழுத்தமேற்றிய காற்றை முதுகில் சுமந்து, நீரின் ஆழத்திற்கேற்ப அளவாக மூச்சிழுக்கும் வசதி மனிதனுக்குக் கிட்டியது. கயிறும் குழாயும் அற்றுப்போயின. போர்க்காலமாதலால் திரைப்படச் சுருள் கிடைப்பதரிதாயிற்று. கூஸ்தோ சாதாரண ஒளிப்படக் கருவிக்குரிய சிறு சுருள்களை வாங்கி, இருட்டில் ஒன்றோடொன்று ஒட்டி நெடுஞ்சுருளாக்கிப் படம் எடுத்தார். பின்னர் அவர் லூயி மால் என்பவருடன் சேர்ந்து ஆக்கிய 'மௌன உலகம்' என்னும் பொருள்படும் திரைப்படம், 1956இல் கேன் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது.

அதே காலத்தில் வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹாஸ், தாமே செய்த உறைக்குள் சிறு கருவியை வைத்துக் கடலடி ஆய்வு நடத்தினார். அவருடைய பட்டறிவைக் கொண்டு, ஜெர்மனியின் ரோலை நிறுவனம் 1950களில் ரோலைமரின் என்னும் உறையை வெளியிட்டது. இரட்டை வில்லைக் கருவியை உள்ளே வைத்து, வெளியிலிருந்து குமிழ்களைத் திருகி இயக்கலாம். ஒரு சுருளுக்கு 12 படங்கள். பன்னிரண்டும் முடிந்தால் மேலேறி வந்தே மாற்ற வேண்டும். கண்முன் திமிங்கிலமே வந்து நின்றாலும் பதின்மூன்றாவது படம் இல்லை.

இதுவரை கருவி வேறு, உறை வேறாக இருந்தன. கருவியையே நீர்புகாததாகச் செய்தாலென்ன என்று எண்ணியவர் பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ஜான் த வூட்டர்ஸ். அவர் வடிவமைத்த கருவி 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. கூஸ்தோவின் ஆய்வுக் கப்பலின் பெயரான கலிப்சோ என்பதே அதற்கும் சூட்டப்பெற்றது. பின்னர் ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் உரிமை பெற்று, 1963இல் அதனை நிக்கோனாஸ் என வெளியிட்டது. எம் கண்காட்சி மேசையில் இருந்தது இக்குடும்பத்தின் வழித்தோன்றலே.

இதன் அமைப்பு பாராட்டுக்குரியது. முன்புறத்தில் ஒரே நெம்புகோல். அதனை அழுத்தினாற் படம் விழும். மீண்டும் தள்ளினால் அடுத்த படத்திற்குச் சுருள் நகரும். தடித்த கையுறையுடனும் இயக்கலாம். வில்லையின் இருபுறமும் இரு குமிழ்கள்: ஒன்று தொலைவுக்கு, மற்றொன்று ஒளித்துளைக்கு. துளையைச் சுருக்கினால் தெளிவாக விழும் தொலைவின் எல்லை விரியும். விரித்தால் அவ்வெல்லை குறுகும். இதனை வில்லையின் முகப்பில் இரு செங்குறிகள் நகர்ந்து காட்டும். பள்ளி மாணவனுக்கும் விளங்கும் எளிமை! 50 மீட்டர் ஆழம் வரை செல்லும். 36 படங்கள் எடுக்கலாம். மழையையும் சேற்றையும் தாங்குமாதலால் வியட்நாம் போர்க்களத்திலும் செய்தியாளர் சிலர் இதனைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சென்றனர்.

ஆனால் வில்லையின் வழியாகப் பார்க்க இயலாது; மேலே உள்ள சிறு சாளரத்தின் வழியே குறிபார்த்துக்கொள்ள வேண்டும். தொலைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். ஒளியை அனுபவத்தால் எடைபோட வேண்டும். ஐயமிருப்பின், துளையைச் சற்றே கூட்டியும் குறைத்தும் ஒரே காட்சியை இருமுறை, மும்முறை எடுக்க வேண்டும். 36இல் சிறந்த ஐந்தாறு தேறினால் அந்நாள் நன்னாள். மாணவியின் கேள்விக்கு விடை இதுவே: படம் விழுந்ததா என்பது கீழே இருப்பவர்க்குத் தெரியாது. தெரியாமையை அறிந்தே அவர் உழைத்தார். அதனால்தான் அளந்தார், எண்ணினார், ஒரு படத்தையும் வீணாக்க அஞ்சினார்.

திருக்கோணமலைக் கடலடியில்

இக்கருவிகள் தமிழர் வரலாற்றையும் தொட்டதுண்டு. ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற திருக்கோணேச்சரம், இலங்கையின் கீழ்க்கரையிற் கடலினின்று செங்குத்தாக எழும் சுவாமி மலையின்மீது விளங்கிய பெருங்கோயில். 1620களில் போர்த்துக்கீசியர் அதனை இடித்தனர். கற்களிற் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. பல கடலில் வீழ்ந்தன. அங்கே ஆயிரங்கால் மண்டபம் இருந்ததென்றும், கடலுக்கடியில் கோயிலின் கற்கள் கிடக்கின்றன என்றும் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். சொன்னவர் பலர், காட்டியவர் எவருமிலர்.

1950களில் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும், அவருடைய நண்பரான மைக் வில்சனும் இலங்கையிற் குடியேறினர். கிளார்க் அறிவியற் புதினங்களால் உலகறிந்தவர். வில்சன் முக்குளிப்பிலும் கடலடி ஒளிப்படத்திலும் வல்லவர். சுவாமி மலையடியில் அவர்கள் மூழ்கியபோது, பாறைகளுக்கிடையே மனிதர் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டனர். அவற்றைப் படமும் எடுத்தனர். 1957இல் கிளார்க் எழுதிய 'தப்ரபேன் கடற்பாறைகள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் இச்செய்தி வெளிவந்தது. கடலடியிலிருந்து வில்சன் மீட்ட இலிங்கம் ஒன்று திருக்கோணேச்சரத்தில் வழிபாட்டில் உள்ளதாகவும் கூறப்படுகிறது. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாய்மொழியாக நின்ற செய்திக்குப் படச்சுருள் சான்றாயிற்று. பாட்டிமார் கூறிய கதை பொய்யன்று என்று ஒரு கருவி மொழிந்தது. வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் இலங்கையிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

1961இல் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. இலங்கையின் தென்கிழக்கே பெரிய பாசஸ் என்னும் பாறைத்திட்டருகே, சிறுவர் இருவரை வைத்துக் கடலடித் திரைப்படம் ஒன்று எடுக்க வில்சன் சென்றிருந்தார். படம் எடுக்கப் போன இடத்திற் பழைய மரக்கலம் ஒன்றின் சிதைவு தென்பட்டது. சிறிய வெண்கலப் பீரங்கியும், ஔரங்கசீப் காலத்துச் சூரத்து வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. நாணயங்கள் ஆயிரம் ஆயிரமாகப் பையிற் கட்டிய வடிவிலேயே இறுகிக் கிடந்தன. அவற்றிற் பொறித்த ஆண்டு கிறித்துவக் கணக்கில் 1702ஆம் ஆண்டை ஒட்டியது. மறு ஆண்டே, 1962இல், வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' திரைக்கு வந்தது. கடலடிக் காட்சிகள் நிறைந்த அதுவே முழுநீள வண்ணப்படமாக வந்த முதற் சிங்களத் திரைப்படமாகும்.

ஒன்றை மறத்தலாகாது. படம் உள்ளதைக் காட்டும். அதன் வயதைக் கூறாது. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 23 மீட்டர் ஆழத்தில், 1991இல் எஸ். ஆர். ராவ் தலைமையிலான இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் குதிரை லாட வடிவிலான அமைப்பொன்றைக் கண்டனர். அதன் காலமும் தோற்றமும் பற்றி அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. படத்தைக் கண்டவுடன் முடிவு கட்டிவிடுதல் ஆராய்ச்சியாகாது. சான்று என்பது விசாரணையின் தொடக்கம், தீர்ப்பன்று. இதனை மாணவர்க்கு உணர்த்துதல் நம் கடமை.

நம் கடலிலும் ஒரு வழக்கு

திருக்கோணமலை தொலைவில் உள்ளது. நம் ஜொகூருக்கு இதில் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் மாலை, சிங்கப்பூர்த் துறையிலிருந்து பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் புறப்பட்டன. 10ஆம் நாள், குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அவற்றை மூழ்கடித்தன. 840 பேர் உயிரிழந்தனர். மலாயாவில் வாழ்ந்த நம்மவர் தலையெழுத்தையும் மாற்றிய நிகழ்ச்சி அது. அக்கப்பல்களின் வீழ்ச்சிக்குப் பின்னரே ஜப்பானியர் ஆட்சியும், சயாம் மரண இரயில் பாதையும் வந்தன.

அவ்விரு கப்பல்களும் கடலடியில் வீரர்களின் கல்லறைகளாகக் கிடக்கின்றன. முக்குளிப்போர் பலர் அவற்றைப் படம் எடுத்துள்ளனர். 2002இல் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கப்பலின் மணி, திருடு போகாதிருக்க, முறையான இசைவுடன் எடுக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அச்சம் பொய்க்கவில்லை. பழைய இரும்புக்காகக் கப்பல்களை உடைத்தெடுப்போர் அங்கும் சென்றனர். 2023 மே மாத இறுதியில், நம் ஜொகூரின் கிழக்குக் கரைக்கு அப்பால் இசைவின்றி நங்கூரமிட்டிருந்த அயல்நாட்டுக் கப்பலொன்றை மலேசியக் கடல்சார் அமலாக்க அதிகாரிகள் தடுத்து வைத்தனர். அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் காணப்பட்டன. அவை அவ்விரு போர்க்கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டவையாகலாம் என்ற ஐயம் எழுந்தது. யாவாக் கடலிலோ, 2002இல் கண்டறியப்பட்ட டச்சுப் போர்க்கப்பல்கள் 2016இல் பார்த்தபோது பெரும்பாலும் காணாமலே போயிருந்தன.

முன்பெல்லாம் கடலடி தான் கொண்டதைக் காத்து வைத்திருந்தது; காட்டத்தான் வழியில்லை. இன்று காட்ட வழியுண்டு, காக்கத்தான் ஆளில்லை. கப்பலே இல்லாமற் போனபின் எஞ்சுவது அதன் படமொன்றே. பவளத்திற்கும் இது பொருந்தும். மெர்சிங் கடலிலுள்ள ஜொகூர்த் தீவுகள் 1994இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2010இல் கடல்நீர் வெப்பம் கூடியதால் பவளங்கள் வெளுத்து, மலேசியாவின் சில முக்குளிப்பு இடங்கள் சில மாதங்கள் மூடப்பட்டன. முன்னர் எவ்வாறிருந்தது என்று அறிய, பழைய படச்சுருள்களையன்றி வேறு எதனை நாடுவது?

சுருளின் முடிவு

1992இல் தானே தொலைவறிந்து தெளிவாக்கும் நிக்கோனாஸ் வெளிவந்தது. விலையோ மிக உயர்வு. அதற்குள் படச்சுருளின் காலமே முடியத் தொடங்கிற்று. 2001இல் நிக்கோனாஸ் உற்பத்தி நின்றது. பல கடலடிக் கலைஞர்கள் விரும்பிய கொடாக்குரோம் வண்ணச் சுருளின் உற்பத்தி 2009இல் முடிவுற்றது. இக்கருவிக்கு முதலிற் பெயர் தந்த கலிப்சோ கப்பலுக்கும் ஒரு முடிவு நேர்ந்தது. அதுவும் நமக்கு எட்டும் தொலைவில்தான்! 1996 சனவரி 8ஆம் நாள், ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தோணியொன்று மோதி அது மூழ்கியது. உலகக் கடல்களின் அடியையெல்லாம் மக்களுக்குக் காட்டிய கப்பல், தானே கடலடியிற் கிடந்து, பின்னர் பாரந்தூக்கியால் மேலே எடுக்கப்பட்டது.

கருவிகள் பழம்பொருளாகலாம். அவை எடுத்த சுருள்கள் பழம்பொருளாகிவிடக் கூடாது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் சுருளுக்குப் பகை. பூஞ்சை படரும்; நிறம் மங்கும்; சில சுருள்கள் புளிக்காடி நாற்றம் வீசிச் சுருங்கிப் போகும். மீனவர் குடும்பங்களிலும், தீவுகளில் பணியாற்றியோர் வீடுகளிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அலமாரிகளிலும் எத்தனையோ சுருள்கள் தகரப் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றை உலர்ந்த இடத்தில் வைத்து, எடுத்த இடம், ஆண்டு, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தாலே பெருந்தொண்டாகும். குறிப்பில்லாத படம் ஊமைச் சாட்சியே.

கண்காட்சி முடிந்த மாலையில் அம்மாணவி மீண்டும் என்னிடம் வந்தாள். நான் மேலே எழுதியவற்றைச் சுருக்கிக் கூறினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்படியென்றால் இந்தக் கருவிக்குள் இப்போது சுருள் இருக்கிறதா, ஐயா?" என்றாள். வாங்கிய நாள் தொட்டு நான் அதனைத் திறந்து பார்க்கவே இல்லை. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில், போர்வைக்குள் கையை விட்டு மெல்லத் திறந்தேன். உள்ளே ஒரு சுருள் இருந்தது. யார் எடுத்ததோ, எக்கடலில் எடுத்ததோ, அறியேன். கருக்கொண்ட சுருளை அவ்வாறே புட்டியில் அடைத்து, கழுவித் தருவோரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். படம் விழுந்திருக்கிறதா என்பது எனக்கும் இன்னும் தெரியாது.